வீட்டுக் கோழிக்கு கால்ல, நகத்துல அடிபட்டா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டுக்குப் பின்னாடியோ மொட்டை மாடியிலயோ நாலஞ்சு கோழி வெச்சிருக்கறவங்க எங்கிட்ட கேக்குறதுல பெரும்பாலும் கால் பிரச்சனைதான். அதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் கேட்டவங்க வார்த்தையிலயே ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், கால் புண்ணுக்கு என்ன மருந்து போடுறீங்கங்கறதை விட அந்தக் கோழி ராத்திரி பகலா எது மேல நிக்குதுங்கறதுதான் முக்கியம், தரையை மாத்தாம மருந்து மட்டும் போட்டா புண்ணு ஆறுற மாதிரி ஆறி திரும்ப வந்துடும்.

கோழி காலைலேர்ந்து நொண்டுது, என்ன பண்றதுன்னே தெரியல, முதல்ல எதைப் பாக்கணும்?

ரத்தம் வரலன்னா பதற வேணாம், பகல்ல துரத்திப் பிடிக்கவும் வேணாம், ஓட ஓட இருக்கற காயம் இன்னும் பெருசாகும். சாயங்காலம் அடைஞ்சதுக்கு அப்புறம் டார்ச் எடுத்துட்டுப் போய் மெதுவா தூக்குங்க. ரெண்டு காலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒண்ணு வீங்கியிருந்தா அப்பதான் தெரியும். மண்ணு ஒட்டியிருந்தா கழுவிட்டு பாதத்துக்கு அடிப்பக்கம், விரல் இடுக்கு, ஒவ்வொரு நகம், அப்புறம் மேல மூட்டு வரைக்கும் தடவிப் பாருங்க. அடிபட்ட கால் தொட்டா இன்னொண்ணை விட சூடா இருந்தா உள்ள அழற்சி இருக்குன்னு அர்த்தம்.

பாதத்துல கருப்பா ஒரு பொருக்கு இருக்கா, விரலைச் சுத்தி நூல் இருக்கா, முள் இருக்கா, நகம் போயிருக்கா, செதில் தூக்கியிருக்கா, இந்த அஞ்சுல ஒண்ணாத்தான் அனேகமா இருக்கும். எதுவுமே இல்லன்னா கீழ "காயமே இல்ல, ஆனா நொண்டுது"ங்கற கேள்விக்குப் போங்க.

வீட்ல நான் தனியாளுங்க, கோழியைப் பிடிச்சுக்கிட்டே எப்படி காலைப் பாக்குறது? பயங்கரமா உதறுது

ஒரு பழைய துண்டு எடுத்து இறக்கையோட சேத்து சுத்திடுங்க, தலையையும் லேசா மூடிடுங்க, இருட்டானா அடங்கிடும். நாற்காலில உக்காந்து மடில பக்கவாட்டா படுக்க வெச்சு ஒரு காலை மட்டும் வெளிய எடுங்க. இறுக்கிச் சுத்தக் கூடாது, கோழிக்கு நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு மேல கீழ அசைஞ்சாத்தான் மூச்சே விட முடியும், நெஞ்சை அமுக்கிப் பிடிச்சா சத்தமே இல்லாம மூச்சு முட்டிடும். மல்லாக்க ரொம்ப நேரம் படுக்க வைக்கறதும் அதனாலதான் வேணாங்கறேன். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சா உடனே விட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க.

நகம் உடைஞ்சு ரத்தம் கொட்டுது அக்கா, நிக்கவே மாட்டேங்குது!!

நகத்துக்குள்ள ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது, அதனால சின்ன உடைப்புக்கே நிறைய ரத்தம் வர்ற மாதிரி தெரியும். சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க, அஞ்சு நிமிஷம் எடுத்துப் பாக்காம பிடிக்கணும், நடுநடுவுல எடுத்து எடுத்துப் பாத்தா உறையுற ரத்தமும் கலைஞ்சுடும். அப்பவும் கசிஞ்சா சோளமாவோ மைதாவோ ஒரு சிட்டிகை நகத்து நுனில அப்பி மறுபடி அழுத்துங்க. ஷேவிங்குக்கு வெச்சிருக்கற படிகாரக் கட்டி இருந்தா நனைச்சு நகத்து நுனில மட்டும் தொடலாம், எரியும், ஆனா ரத்தம் நிக்கும். தோல் கிழிஞ்ச புண்ணு மேல படிகாரம் வேணாம்.

எவ்ளோ ரத்தம் போனா ஆபத்துன்னும் கேக்குறாங்க. ஒன்றரைக் கிலோ கோழி உடம்புல மொத்தமே சுமாரா 100 மில்லி ரத்தம்தான் இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் அளவு போனா தாங்கிக்கும், அதுக்கு மேல போயி கொண்டை வெளுத்து தலையைத் தொங்கப் போட்டா நேரா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்.

எங்க பாட்டி காப்பித்தூள் வெச்சு அமுக்கச் சொல்றாங்க, பக்கத்து வீட்ல மூக்குப்பொடி, சுண்ணாம்புங்கறாங்க, எது சரி?

மூணும் வேணாம். மூக்குப்பொடி புகையிலை, அதுல நிக்கோட்டின் இருக்கு, பறவைக்கு அது விஷம், கோழி அலகால கொத்தி வாய்க்கும் போயிடும். சுண்ணாம்பு சதையை வேக வெச்சுடும். காப்பித்தூள் விஷமா வேலை செய்யற அளவுக்கு இல்லன்னாலும் புண்ணுக்குள்ள துகளா ஒட்டிக்கிட்டு கழுவவே வராது, அதுக்கு அடியில சீழ் பிடிச்சா வெளிய தெரியாது. சுத்தமான மஞ்சத்தூள் ரத்தம் நின்ன மேல்காயத்துக்கு லேசா போடலாம், ஆழமான குழிக்குள்ள அடைச்சு வெக்காதீங்க. பாட்டி சொன்னதுல அமுக்கிப் பிடிக்கறதுதான் நிஜமான மருந்து, அதை மட்டும் எடுத்துக்கோங்க.

நகம் உறை மாதிரி மொத்தமா கழண்டு வந்துடுச்சு, உள்ள செவப்பா ஈரமா இருக்கு. திரும்ப வளருமா?

அடிவேர் நசுங்காம இருந்தா வளரும், ஆனா மெதுவாத்தான், மாசக்கணக்குல ஆகும். அந்த செவப்பு சதை சில நாள்ல காஞ்சு கெட்டியாகும், அதுக்கப்புறம்தான் மேல புது நகம் மூடிட்டு வரும். முதல் வாரம் அதை மண்ணுல படாம பாத்துக்கறதுதான் வேலை. கழுவி, மருந்து போட்டு, கட்டு போட்டு, காஞ்ச இடத்துல தனியா வெக்கணும், ஒவ்வொண்ணும் எப்படின்னு அடுத்த மூணு கேள்வில சொல்லியிருக்கேன். புது நகம் கொஞ்சம் கோணலா வரலாம், அதனால கோழிக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

புண்ணைக் கழுவ டெட்டால் போதுமா? ஸ்பிரிட்? ஹைட்ரஜன் பெராக்சைடு?

உப்புத் தண்ணியே போதும். அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில தலை தட்டின ஒரு டீஸ்பூன் உப்பு, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து பீச்சிக் கழுவுங்க, அழுக்கு தானா வெளிய வரும். அதுக்கப்புறம் போவிடோன் அயோடின் சொல்யூஷனை பால் இல்லாத வெளிர் டீ கலருக்குத் தண்ணி கலந்து ஊத்துங்க.

ஸ்பிரிட், தண்ணி கலக்காத டெட்டால், பெராக்சைடு எல்லாம் கிருமியோட சேத்து புதுசா வளர்ற சதையையும் அழிச்சுடும், நுரை பொங்குறதைப் பாத்து நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கறாங்க, தினமும் ஊத்த ஊத்த புண்ணு ஆறவே ஆறாது. களிம்பு வாங்கும்போது மரத்துப்போக வெக்கிற மருந்து சேராததா பாருங்க, அட்டையில லிக்னோகெயின், பென்சோகெயின்னு "கெயின்"ல முடியற பேர் இருந்தா வேணாம், பறவைகளுக்கு அளவு கொஞ்சம் கூடினாலே உயிருக்கு ஆபத்து.

கட்டு போட்டா பத்து நிமிஷத்துல பிச்சுப் போட்டுடுது, எப்படி நிக்க வெக்கறது?

பாதத்துல அடின்னா புண்ணு மேல சின்ன காஸ் துணி வெச்சு, தன் மேலயே ஒட்டிக்கற பேண்டேஜை ஒரு விரல் அகலத்துக்கு நீளமா வெட்டி, விரல்களுக்கு நடுவுல ஒவ்வொரு இடுக்குலயும் ஒரு தடவை விட்டு எடுத்து, கணுக்கால்ல ரெண்டு சுத்து சுத்தி முடிங்க. இது கிடைக்கலன்னா மெடிக்கல்ல விக்கிற பேப்பர் டேப் போதும். இன்சுலேஷன் டேப்பை தோல் மேல நேரா ஒட்டாதீங்க, வேர்த்து ஊறிடும்.

இறுக்கம்தான் இதுல பயமே. கட்டினதுக்கு அரை மணி கழிச்சு விரல் நுனியைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தாலோ உப்பியிருந்தாலோ அவுத்துட்டு லூசா கட்டுங்க. தினமும் ஒரு தடவை பிரிச்சுப் பாத்து மாத்தணும், நனைஞ்சா அப்பவே மாத்தணும்.

கூட்டத்துலேர்ந்து பிரிக்கணுமா? பிரிச்சா ஏங்கிப் போயிடுது

ரத்தமோ செவந்த சதையோ தெரிஞ்சா கண்டிப்பா பிரிக்கணும், மத்த கோழிங்க செவப்பைப் பாத்தா கொத்தாம விடாது, ஒரு நகக்காயம் ஒரே நாள்ல விரலையே காணாம பண்ணிடும். ஆனா கண்ணுல படாத மூலைக்குக் கொண்டு போக வேணாம், பஞ்சாரத்தைக் கவுத்தோ ஒரு கம்பிக் கூண்டுலயோ மத்ததுங்க பாக்குற தூரத்துலயே வைங்க. ரொம்ப நாள் கழிச்சு திடீர்னு உள்ள விட்டா புதுக்கோழின்னு நெனச்சு எல்லாம் சேர்ந்து அடிக்கும், அதுக்கும் இது நல்லது. அடியில காஞ்ச உமியோ வைக்கோலோ போட்டு, உள்ள உக்காரக் கட்டை எதுவும் வெக்காம, தீனி தண்ணி அலகுக்கு எட்டற மாதிரி வைங்க.

செவப்பை மறைக்க ஊதா மருந்து போடலாமான்னும் கேக்குறாங்க. ஜென்ஷியன் வயலட்டை சாப்பாட்டுக்கு வளர்க்குற பிராணிகளுக்குப் போடக்கூடாதுன்னு சில நாடுகள்ல வெச்சிருக்காங்க, முட்டை சாப்பிடுற வீட்ல அது வேணாம்னுதான் நான் சொல்வேன்.

கடக்நாத்துக்கு நகமே கருப்பு, எங்க வெட்டுறதுன்னு தெரியல. நகம் வெட்டித்தான் ஆகணுமா?

மண்ணைச் சீய்ச்சு மேயற கோழிக்கு நகம் தானா தேயும், வெட்டவே வேணாம். கூண்டுலயே இருக்கறது, மாடில சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில உமி மேலயே நடக்கறது, வயசானது, இதுங்களுக்குத்தான் வளைஞ்சு நீண்டு வலையில மாட்டி உடையும். வெள்ளை நகம்னா உள்ள இளஞ்செவப்பா ஒரு கோடு தெரியும், அதுக்கு முன்னாடியே நிறுத்திடலாம். கடக்நாத் ஜாபுவாப் பக்கத்துக் கோழி, தோல், கால், நகம் எல்லாமே கருப்பு, அதுக்கு நகத்துக்குப் பின்னாடிலேர்ந்து டார்ச் அடிச்சா சில சமயம் நிழல் தெரியும், இல்லன்னா வெதுவெதுப்பான தண்ணில காலை ஊற வெச்சுட்டு எள்ளளவு எள்ளளவா நறுக்குங்க. வெட்டின முகத்துல நடுவுல ஈரமா ஒரு புள்ளி வந்தா போதும்னு விட்டுடுங்க.

ஒரே நாள்ல பழைய நீளத்துக்குக் கொண்டு வர முயற்சி பண்ணாதீங்க. கொஞ்சம் வெட்டி ரெண்டு மூணு வாரம் விட்டா உள்ள இருக்கற ரத்தக்குழாயும் பின்வாங்கும், அப்புறம் இன்னும் கொஞ்சம் வெட்டலாம்.

என் கோழிக்கு அஞ்சு விரல் இருக்கு, இது ஊனமா?

சில்கி ரத்தம் கலந்திருந்தா அஞ்சு இருக்கும், அந்த ஜாதிக்கு அது இயல்பு. பின்பக்க விரல் ரெண்டாப் பிரிஞ்சு மேல உள்ளது தரையில படாம இருக்கும், தேயாததால அந்த நகத்தை மட்டும் மாசா மாசம் பாத்துக்கோங்க.

விரல் ஒண்ணு உப்பி நீலமா இருக்கு, உத்துப் பாத்தா தலைமுடி சுத்தியிருக்கு

உடனே எடுக்கணும், காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. தலைமுடி, சாக்குத் தையல் நூல், பட்டத்து நூல், நைலான் வலை இழை, எதுவா இருந்தாலும் வீங்க வீங்க சதைக்குள்ள அமிழ்ந்து ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்துல, கூர்மையான சின்ன கத்திரியோட ஒரு நுனியை நூலுக்கு அடியில விட்டு வெட்டுங்க, இழுத்து உருவாதீங்க. ஒரு இழையை எடுத்ததும் முடிஞ்சுதுன்னு நெனச்சுடாதீங்க, அடியில ரெண்டாவது சுத்து இருக்கும். எடுத்ததும் உப்புத் தண்ணி, மருந்து, மேல சொன்ன மாதிரிதான். வீட்ல தலை சீவுற இடத்தையும் கோழி மேயற இடத்தையும் பிரிச்சு வெக்கறது இதுக்கு நல்ல வைத்தியம்.

சந்தையில வாங்கிட்டு வர்ற கோழிக்கும் இதே கதைதான். ரெண்டு காலையும் சணல்ல கட்டி தலைகீழா தொங்க விட்டுக் கொண்டு வருவாங்க, அவுத்ததும் கணுக்கால்ல ஒரு வளையம் அறுத்திருக்கும், அதை யாரும் பாக்கறதே இல்ல. கூடையோ அட்டைப் பெட்டியோ நீங்களே எடுத்துட்டுப் போங்க. சேவலை முளைல கட்டிப் போடுறவங்க கயிறுக்குப் பதிலா அகலமான துணிப்பட்டை போட்டு, தினமும் கால் மாத்திக் கட்டுங்க. கட்டாம வளர்க்க இடம் இருந்தா அதுதான் சந்தோஷம்.

சீமைக் கருவேல முள் பாதத்துல ஏறிடுச்சு, நுனி உள்ளேயே ஒடைஞ்சுடுச்சு போல

வெளிய தெரிஞ்சா கொதிக்க வெச்ச ட்வீசரால ஏறின திசையிலயே திருப்பி இழுங்க. தெரியலன்னா ஊசியால குடையாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்ஃபேட் உப்பு) போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் ரெண்டு வேளை ஊற வெச்சா தோல் இளகி மேல வரலாம். மூணு நாள்ல வராம வீக்கம் ஏறினா டாக்டர்தான் எடுக்கணும், உள்ள தங்கின முள்ளுதான் அடுத்த கேள்வில வர்ற பாதக் கட்டிக்கு ஆரம்பம்.

பாதத்துக்கு அடியில கருப்பா வட்டமா ஒரு பொருக்கு, யூடியூப்ல பிளேடால கீறி எடுக்குறாங்க, நானும் பண்ணலாமா?

இதுதான் எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, இங்கிலீஷ்ல பம்பிள்ஃபுட்ங்கறாங்க. தோல்ல ஒரு சின்ன விரிசல், அது வழியா ஸ்டெஃபைலோகாக்கஸ்ங்கற பாக்டீரியா உள்ள போயி கட்டியாகும். கோழிக்கு சீழ் நமக்கு வர்ற மாதிரி தண்ணியா வடியாது, கெட்டிப்பட்டு மஞ்சள் உருண்டையா உள்ளேயே உக்காந்துடும், அதனால பிதுக்கினா வராது, பிதுக்குறதால கிருமி இன்னும் ஆழமா எலும்பு, தசைநார் பக்கம் தள்ளப்படும்.

வெறும் செவப்பு, பளபளப்பு, சின்ன பொருக்கு, கோழி நல்லா நடக்குது, இந்த நிலைன்னா கீறவே வேணாம். தினமும் எப்சம் சால்ட் தண்ணில ஊற வெச்சு, துடைச்சு காய வெச்சு, அயோடின் போட்டு, மெத்துன்னு ஒரு காஸ் வெச்சு கட்டு போட்டு, தரையை மாத்துங்க. ரெண்டு மூணு வாரம் பொறுமையா பண்ணினா நிறைய கோழிக்கு அதுலயே வத்திடும். ஊறினப்போ பொருக்கு தானா கழண்டு, கூடவே அந்த உருண்டையும் வந்தா நல்லது, குழியை உப்புத் தண்ணில கழுவி மூடுங்க.

வீக்கம் பாதத்துக்கு மேல்பக்கமும் தெரியுது, விரல் இடுக்கெல்லாம் உப்பியிருக்கு, காலையே ஊன மாட்டேங்குதுன்னா டாக்டர்கிட்ட போங்க. தயவுசெஞ்சு வீட்ல பிளேடு எடுக்காதீங்க. மரத்துப்போக ஊசி இல்லாம அந்த வலி அதுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க, கோழி கத்தாம அசையாம கிடக்குறதால வலி இல்லன்னு வீடியோல சொல்றாங்க, அது பயத்துல உறைஞ்சு போய்க் கிடக்குது. பாதத்துல சதை ரொம்ப கம்மி, தோலுக்கு அடியில நேரா தசைநார்தான், ஒரு மில்லிமீட்டர் ஆழமா போனா விரல் மடங்கறதே நின்னுடும்.

சரி, தரையை மாத்துங்கறீங்களே, எப்படி மாத்தணும்? எங்களுது மொட்டை மாடி சிமெண்ட் தரை

சொரசொரப்பான சிமெண்ட், கம்பி வலைத் தரை, ஈர உமி, உயரமான கட்டைலேர்ந்து குதிக்கறது, அதிக எடை, இந்த அஞ்சும்தான் பாதத்தைக் கெடுக்குது. சிமெண்ட் மேல குறைஞ்சது ரெண்டு இன்ச்சுக்கு நெல் உமியோ மரத்தூளோ காஞ்ச தேங்காய் நார்க் கழிவோ போடுங்க. கையில எடுத்துப் பிசைஞ்சா உருண்டையா ஒட்டக் கூடாது, ஒட்டினா ஈரம், அந்த இடத்தை மட்டும் அள்ளிட்டு புதுசு போடுங்க. தண்ணிப் பாத்திரம் இருக்கற மூலைதான் எப்பவும் ஊறிக் கிடக்கும், அதுக்கு அடியில ரெண்டு செங்கல் வெச்சாலே பாதி ஈரம் குறையும். கிருமி சாகட்டும்னு சுண்ணாம்பை அள்ளித் தெளிக்கறவங்க இருக்காங்க, அது ஈரத்தோட சேந்து பாதத்தை அரிச்சுடும்.

கோழி உக்காந்து காலை மடக்கினதும் தசைநார் தானா இழுத்து விரல்கள் கட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கும், அப்படித்தான் தூங்கினாலும் விழாம இருக்கு. அதனால ராத்திரி முழுக்க பாதம் அந்தக் கட்டையில அழுந்திட்டே இருக்கும். ரெண்டு இன்ச் அகலத்துல, ஓரம் மழுங்கின, சிலாம்பு இல்லாத மரக்கட்டை வைங்க, கனமான கோழின்னா நம்ம முட்டிக்கால் உயரத்துக்கு மேல வேணாம். பிவிசி பைப்பு வழுக்கும், இரும்புக் குழாய் வேணவே வேணாம்.

கத்திரி வெயில்ல மாடித் தரை கொதிக்கும், மதியம் நிழலும் ஈர மணலும் ஒரு மூலையில கண்டிப்பா இருக்கணும். பாதம் வெந்து கொப்பளிச்சா சாதா தண்ணில பத்து நிமிஷம் வைங்க, ஐஸ் வேணாம்.

கால் செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு வெள்ளையா சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கு. மண்ணெண்ணெய் தடவலாமா?

அது அடி இல்ல, செதிலுக்கு அடியில குடையற கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி. மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் தோலை எரிச்சு உடம்புக்குள்ளயும் போகும், வேணாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஊற வெச்சு பழைய டூத் பிரஷால மெதுவா தேய்ச்சு, துடைச்சுட்டு, வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ செதில் இடுக்குல புகுற மாதிரி கெட்டியா பூசுங்க, உண்ணிக்கு மூச்சு அடைச்சுடும். ரெண்டு நாளுக்கு ஒரு தடவை, மூணு நாலு வாரம் விடாம பண்ணணும், நடுவுல விட்டா முட்டைலேர்ந்து வந்த புதுசு மறுபடி பெருகும். தூக்கின செதிலைப் பிச்சு எடுக்காதீங்க, ரத்தம் வரும். ஒண்ணுக்கு இருந்தா கூண்டுல எல்லாத்துக்கும் பூசுங்க, உக்காருற கட்டையையும் கழுவி வெயில்ல போடுங்க. கால் பழையபடி வழவழன்னு ஆக சில மாசம் ஆகும்.

குஞ்சுக்கு விரல் உள்பக்கம் மடங்கியிருக்கு, இன்னொண்ணு காலைப் பரப்பிக்கிட்டு எழவே முடியல

மடங்கின விரல் பொரிச்ச அன்னைக்கே இருந்தா, அட்டையை பாதம் அளவுக்கு வெட்டி விரல்களை விரிச்சு வெச்சு பேப்பர் டேப்பால ஒட்டிடுங்க, சில நாள்ல நேராகிடும், குஞ்சு எலும்பு அவ்ளோ இளசு. முதல்ல நல்லா இருந்துட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ரெண்டு காலும் மடங்கி முட்டியால நடந்தா அது வைட்டமின் பி2 குறை. வெறும் நொய்யும் அரிசியும் போடுற வீட்லதான் இதை அதிகமா பாக்குறேன். குஞ்சுத் தீவனத்துக்கு மாறுங்க, கோழிக்குன்னு விக்கிற பி காம்ப்ளெக்ஸை தண்ணில கலந்து குடுங்க, வெந்த முட்டையும் கொஞ்சம் உதிர்த்துப் போடலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சரியாகும், நரம்பு கெட்டுப் போனா ஆகாது.

கால் பரப்புறது பெரும்பாலும் வழவழப்பான நியூஸ்பேப்பர் மேல விடறதால வர்றது. ரெண்டு காலையும் இயல்பா நிக்கிற இடைவெளி விட்டு மெத்துன்னு டேப்பால எட்டு வடிவத்துல இணைச்சு, சொரசொரப்பான துணி மேல விடுங்க. முதல் சில நாளுக்குள்ள பண்ணணும்.

சேவலோட முள்ளு உறை கழண்டு ரத்தம். அப்படியே முழுசா எடுத்துடலாமா, என்னையும் குத்துறான்

உறை கழண்டதுக்கு ரத்தம் நிறுத்துறதும் மத்ததும் நகம் கழண்டதுக்கு சொன்னதேதான். ஆனா முழுசா எடுக்குற வேலை வேணாம், முள்ளுக்குள்ள இருக்கறது கால் எலும்போட நீட்சி, அடியோட வெட்டினா எலும்பையே வெட்டுறீங்க. சூடான உருளைக்கிழங்கைச் சொருகி உறையை முறுக்கி எடுக்கற ஒரு முறை சுத்திட்டு இருக்கு, காலும் வேகும், உள்ள இருக்கற இளஞ்சதையும் பிஞ்சு வரும். நுனியில கொஞ்சம் மட்டும் அரத்தால தேய்ச்சு மழுங்க விடுங்க, பெட்டைங்க முதுகு கிழியாம இருக்க அதுவே போதும்.

விரல் ஒடைஞ்சு பக்கவாட்டா தொங்குது

தோல் கிழியலன்னா நேரா வெச்சு பக்கத்து விரலோட சேத்து டேப்பால கட்டி, அடியில அட்டை குடுங்க, பறவை எலும்பு சீக்கிரம் கூடும், மூணு வாரம் போதும். எலும்பு வெளிய தெரிஞ்சா கட்டு போட்டு மூடிட்டு டாக்டர்கிட்ட போங்க.

அடைக்கோழியோட விரலை ராத்திரி ஏதோ கடிச்சிருக்கு, எலி இவ்ளோ பண்ணுமா?

பண்ணும். அடையில இருக்கறது முட்டையை விட்டு எழுந்திருக்காது, எலியும் பெருச்சாளியும் வந்து விரல் நுனியைக் கொறிச்சாக்கூட உக்காந்தே இருக்கும். பல்லு பட்ட புண்ணு வெளிய சின்னதா, உள்ள ஆழமா இருக்கும், எலி, நாய், கீரி எது கடிச்சிருந்தாலும் நல்லா பீச்சிக் கழுவிட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, இதுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். கூண்டுக்கு சாதா கோழி வலை போட்டா எலிக்கு அது தடையே இல்ல, அரை இன்ச் வெல்டு மெஷ் போட்டு, அடியிலயும் ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்குங்க.

புண்ணுல புழு வெச்சிடுச்சு, பாக்கவே முடியல

நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு நாள் மூடாம விட்டாலே ஈ முட்டை போட்டுடும். உப்புத் தண்ணில பீச்சி, ட்வீசரால ஒண்ணு விடாம எடுங்க, இடுக்கு, கழிவு வர்ற இடமும் பாருங்க. கால்நடை மருந்துக் கடைல புழுப் புண்ணுக்குன்னு ஸ்ப்ரே இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு அளவா அடிங்க. புழு போனதும் மேல வேப்பெண்ணெய் தடவினா ஈ அண்டாது. மாட்டுப் புண்ணுக்கு குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் போட்டு தேங்காயெண்ணெயில காச்சிப் போடுவாங்களே, அதையும் ஆற வெச்சு மேல்புண்ணுக்குப் போடலாம். புழு நெறைய இருந்து கோழி சோந்து போயிருந்தா வீட்டு வைத்தியம் நிறுத்துங்க.

வலிக்குதேன்னு நாங்க போடுற மாத்திரைல கால்வாசி குடுக்கலாமா? மூட்டு வலி ஜெல்?

கூடாது. டைக்ளோஃபினாக் குடுத்த மாடுங்க செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கிட்னி போய் கூட்டம் கூட்டமா அழிஞ்சதாலதான் 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தையே இந்தியாவுல தடை பண்ணினாங்க. கோழிக்கும் அது கிட்னியைக் கெடுக்கும், மூட்டு வலி ஜெல் நிறையதுல இருக்கறது அதேதான். டாக்டர் மெலாக்சிகாம்னு ஒண்ணு எடைக்கு ஏத்த மாதிரி எழுதித் தருவார், அதைக் கேளுங்க.

ஆன்டிபயாடிக் கேப்சூல் பிரிச்சு புண்ணுல தூவுறேன், முட்டை சாப்பிடலாம்ல?

தூவுறதையே நிறுத்துங்க, அளவு தெரியாம போடுற மருந்து கிருமியைப் பழக்கி விட்டுடும். இந்த பயத்தாலதான் கொலிஸ்டின்ங்கற மருந்தை பண்ணைப் பிராணிகளுக்கு 2019-ல மத்திய அரசு தடை பண்ணுச்சு. டாக்டர் குடுத்த ஆன்டிபயாடிக்னா எத்தனை நாள் முட்டையும் கறியும் விலக்கணும்னு அவர்கிட்டயே கேட்டு எழுதி வாங்குங்க, மருந்துக்கு மருந்து அது மாறும். வெறும் உப்புத் தண்ணி, கட்டு, வாஸ்லின்தான்னா முட்டைக்கு ஒண்ணும் இல்ல. புண்ணுல சீழ் இருக்கற கோழியை அறுத்து சாப்பிடலாமான்னு கேட்டா, வேணாம்.

ஒடைஞ்ச நகத்துக்கு ஃபெவிக்விக் போட்டா பிடிச்சுக்குமா?

சதை மேல படவே கூடாது, அது இறுகும்போது சூடாகித் தோலைச் சுடும், அடியில கிருமியையும் மூடி வெச்சுடும். டாக்டருங்க தோல் ஒட்டப் போடுற பசை வேற. ஆடிட்டு இருக்கற நகத்துண்டைச் சீராக்கி வெட்டி விட்டு கட்டு போடுறதுதான் சரி.

துருக்கம்பி குத்திடுச்சு, கோழிக்கு டிடி ஊசி போடணுமா?

பறவைகளுக்கு டெட்டனஸ் அவ்வளவு சுலபமா வராது, அதுக்கு ஊசி வேணாம், காயத்தைச் சுத்தம் பண்ணினா போதும். அதே கம்பியோ சேவல் முள்ளோ உங்களைக் கிழிச்சிருந்தா சோப்புப் போட்டுக் கழுவிட்டு நீங்க போய் டிடி போட்டுக்கோங்க. சீழ் இருக்கற காலைத் தொடும்போது கையுறை போடுங்க.

காயமே இல்ல, ஆனா நொண்டுது. எல்லா இடமும் பாத்துட்டேன்

அப்ப பிரச்சனை கால்ல இல்லாம இருக்கலாம். ரெண்டு மாசத்துலேர்ந்து அஞ்சு மாசத்துக்குள்ள இருக்கற கோழி ஒரு காலை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் நீட்டிக் கிடந்தா மேரக்ஸ்ங்கற, நரம்பைத் தாக்குற வைரஸ் நோய் சந்தேகம். பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், கழுத்து முறுக்கல், ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா படுத்தா வெள்ளைக் கழிச்சல், அதுக்கு கட்டு போட்டுட்டு இருந்தா கூட்டமே போயிடும், உடனே மத்ததைப் பிரிச்சுட்டு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க. முட்டையிடுற பெட்டை திடீர்னு கால் துவண்டு போனா சுண்ணாம்புச் சத்துக் குறையோ முட்டை அடைப்போ இருக்கலாம். குஞ்சோட மேல் மூட்டு வீங்கி கால் பக்கவாட்டா திரும்பினா பின்பக்க தசைநார் இடம் மாறியிருக்கும், அன்னைக்கே காட்டினாத்தான் பலன். கால்லயும் கொண்டையிலயும் மருக்கள் மாதிரி பொருக்கு வந்தா அம்மை, கொசு கடிச்சு வர்றது, அதைக் கிள்ளாதீங்க.

ஒரு விரல் கருத்து காஞ்சு போச்சு, வெட்டிடலாமா? எங்க டாக்டர் மாடுதான் பாப்பார், கோழிக்கெல்லாம் வராதீங்கங்கறார்

காஞ்சு, வாடையில்லாம, நல்ல சதைக்கும் கருப்புக்கும் நடுவுல தெளிவா ஒரு கோடு இருந்தா வெட்ட வேணாம், தானா விழுந்துடும், சுத்தமா காஞ்ச இடத்துல வெச்சிருங்க. ஈரமா, நாத்தம் அடிச்சு, கருப்பு மேல ஏறிட்டே வந்தா அது வேற, அதுக்கு டாக்டர் வேணும். ஒரு விரல் போன கோழி நல்லாவே மேயும், முட்டை போடும். பின்விரல் போனா மட்டும் கட்டையைப் பிடிக்கச் சிரமப்படும், தாழ்வா அகலமா ஒரு பலகை போட்டுக் குடுங்க.

டாக்டரைப் பொறுத்தவரை, அரசு கால்நடை மருந்தகத்துல கோழியும் பாக்கணும், பாப்பாங்க, காலை நேரத்துல அட்டைப் பெட்டில வெச்சு நேர்ல கொண்டு போனா மறுக்கறது கம்மி. போன்ல கேக்கணும்னா கால்நடை உதவி எண் 1962. சென்னைக்காரங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு அங்கயும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கோழி பாத்துப் பழகினவங்க அங்க நிறைய. போகும்போது பழைய கட்டைப் பிரிக்காம, என்னைக்கு அடிபட்டுச்சு, என்ன போட்டீங்க, என்ன தீனி, எந்தத் தரைன்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க, தரையை ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.